பதினொன்று எழுநூறு

கவிழ்த்து வைத்த தம்ளரை நிமிர்த்தப் போகிறவன்
கட்டைவிரலைக் கீழே விட்டுத்தான் கையை நீட்டுகிறான்.
தொடுவதற்கு முன்பே மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது,
இப்போது கொஞ்சம் சங்கடப்பட்டால்
முடியும்போது நேராக இருக்கலாம் என்று.
யாரும் யோசித்துச் செய்வதில்லை. செய்துபாருங்கள்.

எனக்கு இது பிடிபட்டது தங்கச்சிமடத்தில்,
நண்டுக் கம்பெனியின் எடைமேசையில் உட்கார்ந்து
ஜெனோவா வலை கழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

வடகடல் வலை வந்து இறங்கினால்
கண்ணிக்கொரு கால் கோத்துக்கொண்டு கிடக்கும் நண்டு.
ரப்பர் போட வேண்டியது என்றால்
பின்பக்கம், துடுப்புக்கால் முளைக்கிற இடத்தில், இரண்டு விரல்.
செத்தது என்றால் எப்படியும்.
ஓடு கழற்றிய பஞ்சு நண்டு என்றால் உள்ளங்கை குழிந்துவிடும்.
சினை என்றால் வயிற்றை மேலே திருப்பி
கடல்தண்ணீர் ஊற்றிய தனி வாளி.
மஞ்சளா கறுப்பா என்று கண் சொல்லி முடிப்பதற்குள்
கை பாதி வழி போயிருக்கும்.

இத்தனையும் போன் பேசிக்கொண்டே.
காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்,
வலதுகால் பெருவிரலில் தலைக்கயிறு,
இடது முழங்கையால் பூனைக்கு ஒரு தள்ளு.

அன்று மறுமுனையில் குழுத்தலைவி.
ஸ்டெபினா கடனுக்கு ஜாமீன் போடுவியா?
"அவ புருஷன் மூக்கையூர் போனவன் இன்னும் வரலையேக்கா.
நாப்பத்தி மூணு வாரம் இருக்கு.
வாரம் எழுநூத்தம்பது...
முப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சம்."

கணக்கு ஓடியபோது கை ஒரு பொட்டும் மெதுவாகவில்லை.
பாம்பனில் பஸ்ஸும் ரயிலும் போல
பக்கத்துப் பக்கத்தில், இடிக்காமல்.

"ஆமாவா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."
அது எனக்கே கேட்டது.

கையிலிருந்த நண்டு அந்தரத்தில் நின்றது.
கொடுக்கை விரித்தது, மூடியது.

"சரி" என்றாள்.
கை மறுபடி ஓடியது.

எடைக்கு வந்த கூடையில்
மேலிருந்து மூன்றாவது அடுக்கில் ஒரு சினை நண்டு,
ஒழுங்காக ரப்பர் போட்டு.
ஆறு வருஷத்தில் அவளிடம் இது முதல்.
கூடையைக் கிளறினால் பேச்சு முழுக்கக் கிடைக்கும் போலிருந்தது:
அடியில் குசலம், நடுவில் வட்டி,
அதற்கு மேல் இது.

தூக்கிக் காட்டினேன்.
அவள் நண்டைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.
"இதுவுமா கேட்டுக்கிட்டு இருந்துச்சு?"
ரப்பரைப் பல்லால் அறுத்து
முழங்கால் தண்ணீர் வரை இறங்கிப் போய் விட்டுவிட்டு வந்தாள்.

நான் மட்டும் என்ன.
ஒரு கை தராசில், ஒரு கை பேனாவில்,
காது இரண்டும் அவள் போனில்.
பதினொன்று எழுநூறைப்
பதினேழு நூறு என்று எழுதியிருக்கிறேன்.
ராத்திரி கார்பன் தாளைப் புரட்டும்போதுதான் தெரிந்தது.
திருத்தினேன்.
நீங்கள் வேறு எதிர்பார்த்திருந்தால்,
கம்பெனி என்னுடையது இல்லை.

மறுநாள் திருத்திய ரசீதில் கையெழுத்துப் போட வந்தாள்.
வலை இல்லை, பூனை இல்லை,
போன் மடியில் சும்மா கிடந்தது.
மேசையில் பேனா, முனை அவள் பக்கம் பார்த்து.
கண்டபடி எடுத்தாள்.
எடுத்த பிறகு விரலுக்குள் புரட்டினாள்,
ஒரு தரம்,
இன்னொரு தரம்,
முனை எங்கே என்று தேடுகிறவள் மாதிரி.
"எங்க போடணும்?" என்றாள்.
ஆறு வருஷமாகப் போடுகிற இடம்தான்.